ஆமா போடுகிறவள்

போன வாரத் தொடரில் துஷாந்தினியைக் கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பில் அழ விட்டுவிட்டு வந்தேன். அதற்காக என்னைத் திட்டி எழுதியவர்கள் கொஞ்சப் பேரல்ல. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எனக்கு மட்டும் அன்றைக்குச் சோறு இறங்கியதா என்ன?

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. பாக்கியலெட்சுமி வில்லுப்பாட்டுக்காரி, கொட்டாஞ்சேனைக் குழுவின் தலைவி. அவள் புருஷன் அழகுமுத்து இத்தனை வருஷமும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆமா போட்டவர். சித்திரையில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிர்ச்சி ஆகாது, மேடை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருஷம் அந்த இடம் மகள் துஷாந்தினிக்கு வந்தது.

அந்தத் துஷாந்தினியைத்தான் பஸ் தரிப்பில் நர்ஸ் நிரோஷா பிடித்துக்கொண்டாள். இவர்கள் இருக்கும் மாடிக் குடியிருப்பிலேயே இருப்பவள்.

"அம்மா ஏன் வார்டுக்கு வரல்ல? தொண்டையில இருக்கிறது நல்ல கட்டி இல்லன்னு டாக்டர் சொன்னாருதானே. திங்கக்கிழம கட்டில் வச்சிருந்தாங்க. ஞாயித்துக்கிழம காலையில வந்தா இன்னும் எடம் இருக்கு. அதயும் விட்டா என்னால ஒண்ணும் செய்ய ஏலாது."

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பாக்கியலெட்சுமி ஒருத்தியாகவே போய், ஒருத்தியாகவே கேட்டு, ஒருத்தியாகவே முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. விழா நாள்.

குடமும் ஆர்மோனியமும், குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் அலவியின் வேனில் போயின. அழகுமுத்துவையும் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். வில்லை மட்டும் பாக்கியலெட்சுமி யாரிடமும் கொடுக்க மாட்டாள். அது அவளுடன் த்ரீவீலில்தான் வரும், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டு. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் மணிகள் குலுங்கின.

"ஹெமின் யன்ன, மல்லி," என்று சிங்களத்தில் சொல்லி டிரைவரின் முதுகில் தட்டினாள்.

அவன் மெதுவாகத்தான் போனான். அதற்கு மேல் மெதுவாகப் போவதென்றால் இறங்கித் தள்ள வேண்டும்.

கொள்ளுப்பிட்டி சிக்னலில் வண்டி நின்றது. துஷாந்தினி மனசுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்ததை எல்லாம் மறந்துவிட்டு, மொட்டையாகக் கேட்டாள்.

"தொண்டையில என்னாம்மா?"

பாக்கியலெட்சுமி ரோட்டைப் பார்த்தாள். "நிரோஷா சொன்னாளா? அவளுக்கு வாயி நீளம்."

"நாளைக்குக் காலையில வார்டுக்குப் போகணும்."

"பாக்கலாம்."

"பாக்கலாம் இல்லம்மா. போகணும். இன்னைக்குப் பாடவும் கூடாது."

"பாடாம? இந்த வில்லத் தூக்கிட்டு வெள்ளவத்தையில புடவ பாக்கவா போறோம்?"

சிக்னல் விழுந்தது. வண்டி கிளம்பியது. பிறகு பாக்கியலெட்சுமி, டிரைவருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"குரல்வளைய எடுத்துடுவாங்கடி. கழுத்துல ஓட்டை போட்டு விட்டுடுவாங்க. அப்பறம் நான் கடையில போயி கால் கிலோ சீனி கேக்கணும்னாலும் எழுதித்தான் காட்டணும். அப்பிடி இருந்து என்னா செய்யப் போறேன்?"

"உயிரோட இருப்பீங்க."

"அது ஒனக்கு வேணும். எனக்கு வேணுமான்னு நான்ல சொல்லணும்."

"அப்பாகிட்ட சொல்லிடுவேன்."

பாக்கியலெட்சுமி அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லு. அவருக்கு நெஞ்சு நின்னுச்சுன்னா அந்தப் பாவத்த நீயே செமந்துக்க."

பெற்ற தாய் பேசும் பேச்சா இது என்று உங்களுக்குக் கோபம் வரும். எனக்கும் வருகிறது. ஆனால் பயந்து போனவள் வாயில் நல்ல சொல் எப்படி வரும்? அவள் கை வில்லை இறுக்கிப் பிடித்திருந்தது. மணி ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

வெள்ளவத்தை மண்டபம் கடல் பக்கம், ரயில் பாதையை ஒட்டி. ரயில் போகும்போது மேடையில் யார் என்ன கத்தினாலும் முன்வரிசைக்கே கேட்காது. அதெல்லாம் தெரிந்தும் வருஷா வருஷம் அங்கேதான் விழா வைக்கிறார்கள். தீவு முழுக்க இருந்து வருகிறார்கள். மட்டக்களப்புக் கூத்துக்காரர்கள் தங்கள் கிரீடத்தைத் தாங்களே மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்கள். மலையகத்துத் தப்புக் குழு வாசலிலேயே தோலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தது. நெற்றிச்சுட்டி கட்டிய சின்னப் பிள்ளைகள், உதட்டுச் சாயம் போகாமல் ரோல்ஸ் தின்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

கடைசி உருப்படி எப்போதும் வில்லுப்பாட்டுப் போட்டி. குழுக்கள் மூன்று. சீட்டுக் குலுக்கியதில் கொட்டாஞ்சேனைக்குக் கடைசி இடம். "கடைசி நமக்கு ராசி" என்று பாக்கியலெட்சுமி சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. கைக்குட்டையால் வாயைப் பொத்தித் திரும்பிக்கொண்டாள்.

துஷாந்தினிக்குப் பொறுக்கவில்லை. நேரே விழாச் செயலாளர் யோகநாதனிடம் போனாள். ஓய்வு பெற்ற ஆசிரியர். வெள்ளவத்தைக் குழுவுக்குப் பாட்டுக் கட்டிக் கொடுப்பவரும் அவர்தான்.

"சேர், எங்கட குழுவின்ட பேர வெட்டிடுங்க."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன பிள்ளை, பகிடியே விடுறீர்?"

"அம்மாவுக்குத் தொண்டை சரியில்ல."

"போன முறையும் தொண்டை சரியில்லை எண்டுதான் ஏறினவா. வெண்டு கேடயத்தையும் கொண்டு போனவா."

"இது அப்பிடி இல்ல சேர். தயவுசெஞ்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்க வேண்டும். குரல் தணிந்தது.

"இஞ்ச பாரும். எங்கட வெள்ளவத்தைப் பிள்ளையள் வருசக்கணக்கா உங்கட அம்மாவிட்டைத் தோத்துக்கொண்டு வருகினம். இப்ப நான் உங்கட பேரை வெட்டினா, பயத்தில வெட்டிப்போட்டான் எண்டு ஊர் முழுக்கக் கதைக்கும். அது போகட்டும். தலைவர் வந்து வாயால சொன்னாத்தான் வெட்டலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்."

அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவதாம். கிணற்றைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாலும் முயன்று பார்க்கலாம்.

அவள் திரும்பி நடந்தபோது, ஒப்பனை அறை வாசலில் அப்பா நின்றார். கையில் சுடுதண்ணீர் பிளாஸ்க். மாடிப்படி ஏறிய களைப்பில் நெற்றி வேர்த்திருந்தது. அவர் கையை நெஞ்சில் வைத்துத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்ததும், துஷாந்தினி நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினாள்.

"அழுதியா?"

"இல்லப்பா. பயமா இருக்கு."

"பயம் இருக்கட்டும், நல்லதுதான்." பிளாஸ்கை மூடினார். "ஒங்கம்மா மேல் ஸ்தாயிக்குப் போறப்ப மூச்சு பத்தாது. அந்த எடத்துல ஆமாவக் கொஞ்சம் இழு. அவ மூச்சு எடுத்துக்கிடுவா. பாக்குறவனுக்குத் தெரியாது."

"சரிப்பா."

"அப்பறம், சும்மா கேள்வி கேட்டு மாட்டிக்காத." அவருக்குத் திடீரென்று சிரிப்பு வந்தது. "ஒரு வருசம் நான் வெளயாட்டுக்கு, 'காலையில ஏன் எனக்குப் பழைய சோறு போட்ட'ன்னு மேடையில கேட்டுட்டேன். வில்லுல கேட்ட கேள்விக்கு வில்லுலயே பதில் சொல்லணும், தொங்கவிட்டு எறங்கக் கூடாதுன்னு அவளுக்கு ஒரு பிடிவாதம். வில்லத் தொட்டு, இனி போட மாட்டேன்னு அத்தன சனத்துக்கு முன்னாடி சொன்னா. சொன்னவ இன்னைக்கு வரைக்கும் போடல. வீட்டுல சொன்னா மாத்துவா. வில்லத் தொட்டுச் சொன்னா மாத்த மாட்டா."

அவர் போய் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார். துஷாந்தினி அங்கேயே நின்றாள். அப்பா கடைசியாகச் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

வெள்ளவத்தைக் குழு நன்றாகவே பாடியது. இருக்கிறதைச் சொல்ல வேண்டும், போன வருஷத்தைவிட நன்றாக. கைதட்டல் அடங்குவதற்குள் கொட்டாஞ்சேனையின் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் வில்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அலவிகூட ஒரு விரலால் தொட்டுவிட்டுத்தான் ஆர்மோனியத்தைத் திறந்தார்.

கதை குளக்கட்டுக் கதை. பாக்கியலெட்சுமி தானே கட்டியது. மழைக்காலத்தில் ஊரில் திருவிழா. காவல்காரி பூவாயி குளக்கட்டில் ஒரு வெடிப்பைக் காண்கிறாள். சொன்னால் திருவிழா கெட்டுவிடும் என்று அதன்மேல் ஒரு பாயை விரித்து மறைத்துவிடுகிறாள். கடைசியில் அவளே ஊரைக் கூட்டி மண் சுமந்து கட்டைக் காப்பாற்றுவாள். சனம் கை தட்டும். அவ்வளவுதான் கதை.

முதல் பாட்டில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கோலை வீசியதும் மணிகள் ஒரே குரலில் பேசின. மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "திருவிழா வந்ததம்மா" என்று அவள் எடுக்க, "ஆமா" என்று துஷாந்தினி போட்டாள். அப்பாவின் ஆமா மாதிரி கனமாக இல்லை. ஆனால் இடம் தப்பவில்லை.

மூன்றாம் பாட்டில் மேலே ஏறும்போது குரல் கிழிந்தது.

ஒரு நொடிதான். பாக்கியலெட்சுமி கோலை ஓங்கி அடித்து மணிச் சத்தத்தால் மூடினாள். துஷாந்தினி ஆமாவை இழுத்தாள், இன்னும் இழுத்தாள், தன் மூச்சு முடியும்வரை இழுத்தாள். பக்கத்தில் அம்மா மூச்சை இழுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. விசில் மாதிரி ஒரு சத்தம் அதில் இருந்தது. அது மைக்குக்குக் கேட்காது, பக்கத்தில் ஆமா போடுகிறவளுக்குத்தான் கேட்கும்.

அந்தச் சத்தம்தான் அவளை முடிவெடுக்க வைத்தது. அம்மா நாளைக்கு வார்டுக்குப் போக மாட்டாள். நாளை மறுநாள் ஆடி வேல் விழாவுக்குப் பாட்டு என்பாள், பிறகு கோயில் திருவிழா என்பாள். அப்படியே ஒரு நாள் இந்த மூச்சும் நின்று போகும்.

"பூவாயி வெடிப்பு மேல பாயை விரிச்சா," என்று பாக்கியலெட்சுமி வசனத்துக்கு இறங்கினாள்.

இங்கே "ஆமா" வர வேண்டும். வரவில்லை.

"பாயை விரிச்சா வெடிப்பு மூடிடுமா அம்மா?" என்று துஷாந்தினி கேட்டாள்.

ஒத்திகையில் இல்லாத கேள்வி. குடம் அடிப்பவர் ஒரு தட்டுத் தவறினார். பாக்கியலெட்சுமி சிரித்த முகத்தை மாற்றவில்லை.

"மூடாதுதான். ஆனா திருவிழா முடியிற வரைக்கும் யாருக்கும் தெரியாதுல்ல."

சனம் சிரித்தது.

"திருவிழா முடிஞ்சிருச்சு. மறுநாள் காலையில பூவாயி என்னா செஞ்சா?"

"தூங்குனா. திருவிழாவுல ஆடுன களைப்பு."

இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் அழகுமுத்து சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

முதல் மணி அடித்தது. முடிக்கச் சொல்லும் மணி. இரண்டாவது மணிக்கு மைக்கை நிறுத்திவிடுவார்கள், புள்ளியும் வெட்டுவார்கள். கதையில் பூவாயி இன்னும் ஒரு கூடை மண்கூடச் சுமக்கவில்லை. பாக்கியலெட்சுமி அவசரமாகக் கோலை ஓங்கினாள்.

துஷாந்தினி கையை நீட்டி வில்லின் மேல் வைத்தாள். மணிகள் நின்றுபோயின.

"கேள்விக்குப் பதில் வரல்லயேம்மா. குளம் ஒடஞ்சா பூவாயி மட்டுமா போவா? அவ புள்ள என்னா செய்யும்? புருசன் என்னா செய்வாரு?" அவள் குரல் நடுங்கியது. சனம் அதை நடிப்பென்று நினைத்து அமைதியானது. "வில்லத் தொட்டுச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில பூவாயி போறாளா, இல்லயா?"

"கதைய முடிக்க விடுடி," என்றாள் பாக்கியலெட்சுமி பல்லுக்குள்.

"சொல்லுங்கம்மா."

இரண்டாவது மணி அடித்தது. மைக் செத்தது. அதே நேரம் பார்த்துக் கடல் பக்கத்தால் ரயில் வந்தது, மண்டபத்து ஜன்னல்களை ஆட்டிக்கொண்டு. நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். யோகநாதன் மேடை ஓரத்தில் எழுந்து நின்றார்.

தோற்றுவிட்டோம் என்று பாக்கியலெட்சுமிக்கு அந்த நொடியே தெரிந்தது. மகளை அடிக்கப் போகிறாள் என்றுதான் அலவி நினைத்தாராம். அவள் அடிக்கவில்லை. மகளுடைய கைக்குப் பக்கத்தில் தன் கையை வில்லின் மேல் வைத்தாள். கண் இரண்டும் நிரம்பியிருந்தன.

"போறேன்," என்றாள்.

துஷாந்தினி வில்லிலிருந்து கையை எடுக்கப் போனாள்.

"நில்லு, இன்னும் இருக்கு. ஒங்கப்பாவுக்குத் தெரியக்கூடாது. நான் திரும்பி வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நானா சொல்ற வரைக்கும் நீ சொல்லக்கூடாது. ஹட்டன்ல பெரியம்மாவுக்கு முடியல, பாக்கப் போறோம்னு சொல்லு. சம்மதமா? ஒன் கையும் வில்லு மேலதான் இருக்கு."

ரயில் இன்னும் போய்க்கொண்டிருந்தது. துஷாந்தினி முன்வரிசையைப் பார்த்தாள். அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் அம்மா போக மாட்டாள். சம்மதித்தால், நாளைக்கு அம்மாவுக்கு ஏதும் ஆனால், அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது? யோசிக்க நேரம் இருந்தால் அழுதுகொண்டாவது யோசித்திருப்பாள். ரயிலின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது.

"ஆமா," என்றாள்.

திரை விழுந்தது. சனம் என்ன நடந்ததென்று தெரியாமல் கை தட்டியது. பிறகு பார்த்தால் பாதிப் பேர் தட்டவில்லை.

மேடைக்குப் பின்னால் ஆர்மோனியத்தை மூடினார்கள். குடத்தைத் துணியால் சுற்றினார்கள். அலவி மட்டும் துஷாந்தினியிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "குடிங்க புள்ள," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன். பாக்கியலெட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் குடித்தாள். விழுங்குவதற்கு நேரம் எடுத்தது.

அழகுமுத்து படியேறி வந்தார், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. வந்ததும் ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டார். கேடயம் போனதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று துஷாந்தினி காத்திருந்தாள்.

"மைக் நின்ன பெறகு ரெண்டு பேரும் என்னா பேசுனீங்க?"

பாக்கியலெட்சுமி பிளாஸ்கைத் திருகி மூடினாள்.

"ஹட்டன்ல பெரியம்மாவுக்கு முடியலயாம்பா," என்றாள் துஷாந்தினி. தன் குரல் இவ்வளவு இயல்பாக வருவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. "நாளைக்குக் காலையில அம்மாவும் நானும் போயிட்டு வந்துடுறோம்."

"ஸ்வெட்டர எடுத்து வைக்கணும்," என்றாள் பாக்கியலெட்சுமி சுவரைப் பார்த்தபடியே. குரல் கரகரத்தது. "அங்க இப்ப குளிரு."

அழகுமுத்து மனைவியின் முதுகைப் பார்த்தார். கழுத்தைச் சுற்றியிருந்த முந்தானையைப் பார்த்தார். அவளுக்குப் பக்கத்தில் அத்தனை வருஷம் உட்கார்ந்து, அவள் எங்கே மூச்சு எடுப்பாள், எங்கே விடுவாள் என்று கேட்டுக்கொண்டே இருந்த மனுஷன்.

"ஆமா," என்றார். வீட்டில் அவர் 'சரி' என்றுதான் சொல்வார்.

கதிரையில் மெல்ல உட்கார்ந்து, நெஞ்சில் வைத்த கையை எடுக்காமலே மகளைப் பார்த்துச் சொன்னார்:

"எனக்கும் ரெண்டு சட்ட எடுத்து வையி. ஸ்வெட்டர் வேணாம்."